வால்வெள்ளி இப்போது எங்கே?

2024 செப்டெம்பர் கடைசி வாரத்தில் ஓர் இரவு, கட்டிலில் படுத்தபடியே காக்காவின் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். வானத்தைக் காட்டும் செயலி ஒன்றை அவர் அதில் இறக்கி வைத்திருந்தார். போனைத் திருப்பத் திருப்ப அதில் நட்சத்திரங்கள் நகர்ந்தன. கூரைப் பக்கம் தேடினேன், ஜன்னல் பக்கம் தேடினேன், இல்லை. கடைசியில் கையைக் கீழே சரித்தபோது தலையணைக்கும் நிலத்துக்கும் இடையில் வாலோடு ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. பக்கத்தில் பெயரும் இருந்தது: சுச்சின்ஷான்-அட்லஸ். அப்போது இரவு பத்து மணி. வால்வெள்ளி பூமியின் மறுபக்கத்து வானத்தில் இருந்தது.

"அது இப்ப எங்க இரிக்கி?" என்று அடுத்த நாள் வகுப்பில் ஒரு தோழி கேட்டாள்.

"எங்கட கட்டிலுக்குக் கீழ" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் நான் சொன்னது பிழையல்ல. அன்றைக்கு எனக்கு அந்த வால்வெள்ளியின் இடம் பாகைக் கணக்கில் தெரியும், அதை நான் கண்டதில்லை. வகுப்பில் முப்பத்திரண்டு பேர் இருந்தோம். அநேகமாக எல்லோருடைய வீட்டிலும் ஒரு போன் இருக்கிறது. ஒருத்தி கூடக் கண்டிருக்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த முப்பத்திரண்டு பேரின் கணக்குத்தான்.

முதலில் அந்த இடம் என்பது என்னவென்று சொல்லிவிடுகிறேன். பூமியில் கல்முனை எங்கே என்று சொல்ல அகலாங்கு, நெட்டாங்கு என்று இரண்டு எண்கள் போதும். வானத்துக்கும் அதேபோல இரண்டு எண்கள் உண்டு. ஒன்றைப் பாகையிலும் மற்றதை மணித்தியாலத்திலும் சொல்வார்கள். வானம் முழுவதும் 24 மணித்தியாலம். நட்சத்திரங்களுக்கு இந்த எண்கள் நம் ஆயுளில் பெரிதாக மாறுவதில்லை. வால்வெள்ளிக்கு நாளுக்கு நாள் மாறும். ஆகவே "எங்கே" என்று கேட்டால் "எப்போது" என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இந்த "எப்போது" என்பதிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒக்டோபர் 12 ஆந் திகதி அந்த வால்வெள்ளி பூமிக்கு மிகக் கிட்ட வந்தது. கிட்ட என்றால் ஏறத்தாழ 7 கோடி கிலோமீற்றர். அவ்வளவு தூரத்தைக் கடந்து வர ஒளிக்கு நான்கு நிமிடம் அளவில் எடுக்கும். அந்த நான்கு நிமிடத்தில் வால்வெள்ளி ஏறக்குறையப் பூமியின் விட்டமளவு தூரம் ஓடிவிட்டிருக்கும். நாம் பார்ப்பது அது இருந்த இடத்தைத்தான். இருக்கிற இடத்தை எந்தக் கண்ணும் பார்க்க முடியாது, கணக்குத்தான் பார்க்கும்.

கணக்கு எங்கிருந்து வருகிறது? போனுக்குள்ளே வானம் இல்லை. சூரியனைச் சுற்றும் ஒரு பொருளின் பாதையை எழுதிவைக்க ஆறு எண்கள் தேவை. சூரியனுக்கு எவ்வளவு கிட்டப் போகும், எந்த நாளில் போகும், பாதை எவ்வளவு சரிந்திருக்கிறது என்று இப்படி ஆறு. ஒரு முறை பார்த்து அளந்தால் இரண்டு எண்கள் கிடைக்கும். மூன்று வெவ்வேறு இரவுகளில் பார்த்தால் ஆறு கிடைக்கும். ஆறு தெரியாக் கணியங்களுக்கு ஆறு சமன்பாடுகள்! கணித பாடத்தில் எங்களை அழவைத்த அதே விஷயம்தான். மூன்று இரவுக் கணக்கு முதலில் தளர்வாகத்தான் இருக்கும். மேலும் மேலும் பார்க்கப் பார்க்க இறுகும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருக்கும் சிறுகோள் மையத்துக்கு உலகின் பல மூலைகளிலிருந்தும் அவதானங்கள் போய்ச் சேர்கின்றன. அவற்றில் வீட்டு முற்றத்தில் தொலைகாட்டி வைத்திருப்பவர்கள் அனுப்புபவையும் உண்டு. காக்காவின் போனில் இருந்த அந்தப் புள்ளிக்குப் பின்னால் இத்தனை பேரின் தூக்கம் போயிருக்கிறது.

பார்க்க ஆளில்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் இதே வால்வெள்ளிதான் சாட்சி. சுச்சின்ஷான் என்பது சீனாவின் ஊதா மலை வானாய்வகத்தின் பெயர். அங்கேதான் 2023 ஜனவரி 9 இல் அது முதலில் பதிவானது. ஆனால் அதன் பிறகு அதை யாரும் பின்தொடரவில்லை. தொலைந்துவிட்டது என்று உறுதிப்படுத்த வேண்டியவற்றின் பட்டியலிலிருந்து அதை நீக்கிவிட்டார்கள். பெப்ரவரி 22 இல் தென்னாபிரிக்காவில் உள்ள அட்லஸ் தொலைகாட்டி ஒரு புதிய பொருளைப் பிடித்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் தொலைந்துபோனதும் இதுவும் ஒன்றே. ஆகவேதான் இரண்டு பெயர். தொலைந்தது வால்வெள்ளி அல்ல. அது தன் பாட்டில் வந்துகொண்டுதான் இருந்தது.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

சுச்சின்ஷான்-அட்லஸைப் பற்றி நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த ஒரு நாள், பாக்கு இடித்துக்கொண்டிருந்த மூத்தம்மா சொன்னார்:

"அப்படி ஒண்ட நான் கண்டிருக்கன் புள்ள."

வாப்பா சிரித்தார். "அது எண்பத்தாறுல வந்த ஹேலியாக்கும் மாமி. பேப்பர்ல படம் கண்டிருப்பீங்க."

"ஹேலியும் கேலியும் எனக்குத் தெரியா. அப்ப நான் சின்னப் புள்ள. எங்கட வாப்பா கரைவலைக்குப் போவாரு. வெள்ளாப்புல நான்தான் தேத்தண்ணி கொண்டுபோற. மாரி தொடங்குற நேரம். கடலுக்கு மேல வெளக்குமாத்த நிமித்தி வெச்ச மாதிரி நிண்டிச்சி. சரி கிழக்குல இல்ல. காரைதீவுப் பக்கமாச் சரிஞ்சி. கரையில நிண்ட ஆக்களெல்லாம் பயந்து போனாங்க. அந்த மாரிக்குப் பொறகு என்னப் பள்ளிக்கூடத்தால நிப்பாட்டிட்டாங்க."

கடைசி வசனத்தை அவர் வால்வெள்ளியைச் சொன்ன அதே குரலில்தான் சொன்னார். பிறகு பாக்கை இடிக்கத் தொடங்கிவிட்டார்.

மருதமுனைக் கரையில் நின்று பார்த்தால் காரைதீவுப் பக்கம் தெற்கே. சரி கிழக்கில் இல்லாமல் அந்தப் பக்கம் சரிந்திருந்தது என்றால் தென்கிழக்கு. மூத்தம்மா பிறந்தது 1953 என்று அடையாள அட்டையில் இருக்கிறது. சின்னப் பிள்ளையென்றால் பத்திலிருந்து பன்னிரண்டுக்குள். மாரி தொடங்கும் காலம் ஒக்டோபர் கடைசி. இவ்வளவையும் வைத்துக்கொண்டு தேடினேன். 1965 செப்டெம்பரில் ஜப்பானைச் சேர்ந்த இக்கேயா, செக்கி என்ற இருவர் தனித்தனியாக ஒரு வால்வெள்ளியைக் கண்டுபிடித்திருந்தார்கள். இக்கேயா பியானோ செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்த இளைஞர். அது ஒக்டோபர் 21 இல் சூரியனை உரசுவதுபோல் சுற்றிக்கொண்டு வந்து, மாதக் கடைசியில் விடியற்காலை வானத்தில் நீண்ட வாலோடு நின்றது.

பாடசாலைக் கணினியில் ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் அந்தப் பழைய வால்வெள்ளியின் ஆறு எண்களையும் கொடுத்து, இடத்தைக் கல்முனையாக்கி, திகதியை 1965 ஒக்டோபர் 30 க்குப் பின்னோக்கி ஓட்டினேன். நேரம் அதிகாலை. கடலுக்கு மேலே, தென்கிழக்கில், வால் மேல்நோக்கி நிமிர்ந்து நின்றது.

அந்தத் திரையை ஒரு தாளில் படியெடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். வாப்பா இரண்டு தரம் பார்த்தார். "மாமி சொன்னது சரிதான்" என்றார். மூத்தம்மாவுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. தான் கண்டதைக் கண்டேன் என்று அவருக்கு முன்பே தெரியும். அறுபது வருடமாகச் சொல்லிவந்த ஒருவரை, கணினி சொன்ன பிறகுதான் நம்பினோம் என்பதில் எனக்கு இன்னும் கொஞ்சம் வெட்கம் இருக்கிறது. நானும்தான் முதலில் நம்பவில்லை.

போனையும் கணினியையும் குறை சொல்ல நான் வரவில்லை. அவை இல்லாமல் மூத்தம்மாவின் வால்வெள்ளிக்குப் பெயர் கிடைத்திருக்காது. ஆனால் அவர் 1965 இல் கரையில் நின்று பார்த்திராவிட்டால் நான் தேடுவதற்கே ஒன்றும் இருந்திருக்காது. கணக்கும் காட்சியும் இரண்டும் வேண்டும். இதை மற்றவர்களைவிட நாம் நன்றாக அறிந்திருக்க வேண்டியவர்கள். ஒவ்வொரு மாதமும் இருபத்தொன்பதாம் நாள் மஃரிபுக்குப் பிறகு நம் ஊர்களில் மேற்கே பார்க்கிறார்கள். பிறை எந்த நேரம் மறையும், எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்ற கணக்கு முன்கூட்டியே கையில் இருக்கிறது. இருந்தும் கண்ணால் பார்த்தவரின் சாட்சிக்காகக் கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் காத்திருக்கிறார்கள். சுபஹ் என்பதும் சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை பாகையில் இருக்கிறது என்ற கணக்குத்தான். ஆனால் சுவரில் நேர அட்டவணை தொங்கத் தொடங்கிய பிறகு கிழக்கு வெளுப்பதைப் பார்த்து எழும்பியவர்கள் எங்கள் வீட்டில் யாருமில்லை. நானும் இல்லை.

வால்வெள்ளி என்றதும் பயப்படும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுச்சின்ஷான்-அட்லஸ் சூரியனை மிக நெருங்கியது செப்டெம்பர் 27 இல். அதற்கு ஆறு நாள் முன்புதான் நம் நாட்டில் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. வானத்தையும் ஆட்சியையும் முடிச்சுப் போடுபவர்களுக்கு இதைவிட நல்ல தருணம் கிடைக்காது. எங்கள் தெருவிலும் இரண்டொருவர் போட்டுப் பார்த்தார்கள். அந்த வால்வெள்ளி வாக்குச் சீட்டுகள் அச்சடிக்கப்படுவதற்கு மிக மிக முன்பே சூரியனை நோக்கிப் புறப்பட்டுவிட்டது என்று சொன்னால் முகம் சுருங்குகிறது. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டபோது, மக்கள் இரண்டையும் இணைத்துப் பேசியதை அவர்கள் திருத்தியதை நாம் எல்லோரும் இஸ்லாம் பாடத்தில் படித்திருக்கிறோம். பரீட்சைக்கு எழுதியும் இருக்கிறோம்.

1577 இல் வந்த ஒரு பெரிய வால்வெள்ளியின் கதையும் எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். அந்த ஆண்டு இஸ்தான்புல்லில் தகியுத்தீன் என்ற அறிஞருக்கு சுல்தான் மூன்றாம் முராத் கட்டிக்கொடுத்த வானாய்வகம் இருந்தது. டென்மார்க்கின் ஒரு தீவில் டைக்கோ பிராஹே இருந்தார். தகியுத்தீனின் கருவிகள் டைக்கோவினுடையவற்றுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல என்கிறார்கள். டைக்கோ அந்த வால்வெள்ளியின் இடத்தை அளந்தார். வேறோர் ஊரில் அளந்ததோடு ஒப்பிட்டார். இரண்டு ஊர்களிலும் அது நட்சத்திரங்களுக்கிடையே ஒரே இடத்தில்தான் தெரிந்தது. அது சந்திரனை விடக் கிட்ட இருந்திருந்தால் இடம் தெளிவாக மாறித் தெரிந்திருக்கும். ஆகவே அது சந்திரனுக்கு அப்பால் உள்ளது என்றார். வால்வெள்ளி காற்றில் எரியும் ஆவி என்று நம்பிவந்த உலகத்துக்கு அது பெரிய அடி. தகியுத்தீனோ அரண்மனைக்காக அதற்குப் பலன் சொல்ல வேண்டியிருந்தது. சுல்தானுக்கு வெற்றி என்று சொன்னார். 1580 இல் அந்த வானாய்வகம் சுல்தானின் கட்டளையாலேயே இடிக்கப்பட்டது. காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. எனக்கு உறுத்துவது அந்தக் கருவிகள்தான். அவற்றால் எதை அளந்திருக்கலாம் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

சரி, நான் கண்டேனா?

செப்டெம்பர் கடைசியிலும் ஒக்டோபர் முதல் நாட்களிலும் வால்வெள்ளி சூரியனுக்கு முன்னே, கிழக்கில் உதித்தது. சுபஹ் பாங்கு சொல்லும் நேரத்தை ஒட்டி அது கடலுக்கு மேலே வந்துவிடும். வானம் வெளுக்கும் வரை ஏறத்தாழ அரை மணித்தியாலம் கிடைக்கும். இதைவிட வசதியான நேரம் எமக்கு உண்டா? அந்த நேரத்தில் நம் வீடுகளில் எல்லோரும் விழித்திருக்கிறோம். கிழக்குக் கரையில் பிறந்தவளுக்குக் கிழக்கே மறைக்க ஒரு மரம் கூட இல்லை, கடல்தான். கொழும்பில் இருப்பவர்களுக்கு இந்தப் பாக்கியம் இல்லை.

உம்மா விடவில்லை.

பெண்பிள்ளை இருட்டில் கரைக்குப் போவதா என்ற பேச்சு ஒன்று எப்போதும் இருக்கிறது. அதற்கு என்னிடம் பதிலும் தயாராக இருந்தது. வாப்பா கூட வருவார் என்றேன். ஆனால் உம்மாவின் காரணம் அது அல்ல. மூத்தம்மாவின் பழைய வீடு கடலிலிருந்து நூறு மீற்றர் தூரத்தில் இருந்தது. 2004 டிசம்பர் 26 இல் அது போனது. வீட்டோடு உம்மாவின் தங்கையும் போனார். நான் அப்போது பிறக்கவில்லை. உம்மா இன்றும் கடற்கரைக்குப் பகலில் வருவார், முதுகைக் கடலுக்குக் காட்டி உட்கார மாட்டார். இருட்டில் வரவே மாட்டார், எங்களையும் விட மாட்டார். இதற்கு நான் என்ன வாதம் சொல்ல? பெண்களை வீட்டுக்குள் பூட்டுகிறார்கள் என்று எழுதப் புறப்பட்ட என் பேனை இந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

கடைசியில் ஒரு சமரசம். கரைக்குப் பதில் பெரியம்மா வீட்டு மொட்டைமாடி. மூன்று விடியற்காலை ஏறினோம், நானும் வாப்பாவும். முதல் நாள் அடிவானத்தில் மேகம். இரண்டாம் நாளும் மேகம். மூன்றாம் நாள் மேகமில்லை, ஆனால் கடற்கரை வீதியில் புதிதாகப் போட்ட விளக்கு வரிசை சரியாக அந்தத் திசையில் எரிந்துகொண்டிருந்தது. வாப்பா சுபஹுக்குப் பள்ளிக்குப் போனார். நான் கீழே இறங்கி வந்து அழுதேன். பதினேழு வயதில் ஒரு வால்வெள்ளிக்காக அழுவது சற்று அதிகம்தான்.

இந்த நாட்களில் எனக்கு ஆறுதலாக இருந்தவர் 1700 களில் பாரிஸில் வாழ்ந்த ஒரு பெண். பெயர் நிக்கோல்-ரென் லெப்போட். ஹேலி வால்வெள்ளி 1758 அளவில் திரும்பும் என்று ஹேலி சொல்லிவிட்டு இறந்துபோயிருந்தார். சரியாக எப்போது என்று தெரிய வேண்டுமானால், வியாழனும் சனியும் அதை எவ்வளவு இழுத்துத் தாமதப்படுத்தும் என்று படிப்படியாகக் கணக்கிட வேண்டும். கணினி இல்லாத காலம். கிளேரோ, லலாந்து என்ற இரண்டு ஆண்களோடு லெப்போட் அமர்ந்தார். ஆறு மாதத்துக்கு மேலாகக் காலையிலிருந்து இரவு வரை, சில நாள் சாப்பாட்டு மேசையிலும் கணக்கு. வியாழனால் 518 நாள், சனியால் 100 நாள் தாமதம் என்று வந்தது. 1759 ஏப்ரல் நடுவில், ஒரு மாதம் முன்பின்னாக, அது சூரியனை நெருங்கும் என்று அறிவித்தார்கள். நெருங்கியது மார்ச் 13 இல். ஒரு மாதமும் சில நாட்களும்! எழுபத்தாறு வருடப் பயணத்தில் அவ்வளவுதான் பிழை. லெப்போட் இல்லாமல் இதைச் செய்திருக்கத் துணிந்திருக்க மாட்டோம் என்று லலாந்து பிறகு எழுதினார். கிளேரோவோ 1760 இல் வெளியிட்ட தன் நூலில் அவருடைய பெயரை விட்டுவிட்டார்.

வானம் பார்த்த பெண்களும் உண்டு. 1786 இல் கரோலின் ஹேர்ஷல் தன் முதல் வால்வெள்ளியைக் கண்டது, பெரிய வானியலாளரான அண்ணன் ஊரில் இல்லாத நாட்களில். தொலைகாட்டி அவருக்கு ஓய்வாகக் கிடைத்தது அப்போதுதான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எங்கள் கல்லூரியிடம் நான் கேட்பது பெரிய விஷயமல்ல. கொழும்பில் 1965 இலிருந்து ஒரு கோள்மண்டலம் இருக்கிறது. மொறட்டுவையில் ஆதர் சீ. கிளார்க் நிறுவனத்தில் பெரிய தொலைகாட்டி இருக்கிறது. இரண்டுக்கும் எங்களை அழைத்துப் போங்கள் என்று கேட்டால் பஸ் கட்டணம், அனுமதிக் கடிதம், ஒரு முழு இரவுப் பயணம் என்று பட்டியல் நீளும். நான் கேட்பது எங்களுடைய மைதானத்தைத்தான். தவணைக்கு ஒரு நாள், மஃரிபிலிருந்து இஷா வரை. உம்மாமார் வரட்டும், வாப்பாமார் வந்து கூட்டிப் போகட்டும். மைதானத்து விளக்குகளை அந்த ஒரு மணித்தியாலம் அணைத்துவிட்டால் போதும். தொலைகாட்டி தேவையில்லை. நுளம்புக்கு மட்டும் ஏதாவது செய்ய வேண்டும், டெங்கு விளையாட்டல்ல.

இதை ஆசிரியை ஒருவரிடம் சொன்னபோது, "உயர்தரப் பரீட்சையில இதுக்குப் புள்ளி இருக்கா மகள்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, எங்கள் நன்மைக்காகத்தான் கேட்டார். புள்ளி இல்லை. ஆனால் பௌதிகவியலில் ஈர்ப்பும் கணிதத்தில் கூம்பு வளைவுகளும் படிக்கிறோம். பரவளைவு என்று பலகையில் கீறிய ஒன்று, உண்மையிலேயே மேற்கு வானத்தில் நொடிக்கு ஐம்பது கிலோமீற்றருக்கு மேலான வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த மாதத்தில், நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கடந்தகால வினாத்தாள் செய்தோம். போனில் பார்த்துக்கொள்ளலாம்தானே என்று இன்னொருவர் சொன்னார். அவருக்குத்தான் கட்டிலுக்குக் கீழே இருந்த வால்வெள்ளியின் கதையை முதலில் சொன்னேன்.

கணக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதை அந்த மாதமே காட்டியது. சுச்சின்ஷான்-அட்லஸ் சூரியனை அடையுமுன் சிதறிவிடும் என்று 2024 யூலையில் அனுபவமுள்ள ஒரு விஞ்ஞானி எழுதினார். அது சிதறவில்லை. அது சூரியனைச் சுற்றிய அதே செப்டெம்பர் 27 இல் இன்னொரு வால்வெள்ளியை அட்லஸ் கண்டுபிடித்தது. இது அதைவிடப் பிரகாசிக்கலாம் என்று பேச்சு எழுந்தது. ஒக்டோபர் 28 இல் சூரியனை நெருங்கியபோது அது சிதறி இல்லாமல் போய்விட்டது. இரண்டுக்கும் இடம் சரியாகத்தான் சொல்லப்பட்டது. அந்த இடத்தில் ஏதாவது இருக்குமா என்பதைத்தான் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

ஒக்டோபர் 12 க்குப் பிறகு வால்வெள்ளி மாலை வானத்துக்கு மாறியது. இனி மேற்கே பார்க்க வேண்டும். மேற்கே எங்களுக்குக் கடல் இல்லை, தென்னைகளும் வயலுக்கு அப்பால் மேகமும்தான். 14 ஆந் திகதி அது மேற்கே வெள்ளிக்கும் சுவாதி நட்சத்திரத்துக்கும் இடையில் நின்றிருக்க வேண்டும். மழை. 15, மழை. 17 ஆந் திகதி போயா, முழு நிலா. வானமே பால் ஊற்றியதுபோல் இருந்தது. கணக்குப்படி அது நாளுக்கு நாள் மேலே ஏறிக்கொண்டும் மங்கிக்கொண்டும் இருந்தது. இரண்டும் ஒன்றாக நடப்பதுதான் கொடுமை.

20 ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை மழை விட்டது. நிலா எழும்ப எட்டு மணிக்கு மேலாகும். மஃரிப் தொழுதுவிட்டு மாடிக்கு ஓடினேன். காக்காவின் போனைக் கேட்கவில்லை, கொப்பியில் நான் வரைந்த படம் மட்டும். கையை நீட்டி முட்டி பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ பத்துப் பாகை. தாழ நின்ற வெள்ளியைத் தொடக்கமாக வைத்து முட்டி முட்டியாக அளந்துகொண்டு மேலே போனேன். முதலில் ஒன்றுமில்லை. நேரே பார்க்காமல் சற்று ஓரமாகப் பார்த்தேன். விரல் அளவு நீளத்தில், சுவரில் சுண்ணாம்பு தேய்ந்ததுபோல் ஒரு கீற்று. கண்ணை மூடித் திறந்தேன். அங்கேயேதான் இருந்தது.

நான் போட்ட சத்தத்தில் உம்மா மேலே வந்தார். காக்கா வந்தார். பெரியம்மா வீட்டுச் சின்னவர்கள் எல்லோரும் வந்தார்கள். மூத்தம்மாவை வாப்பா கைபிடித்து ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டு வந்தார். அவருக்கு முழங்கால் வலி, இரண்டு கண்ணிலும் வெண்படலம்.

நான் பின்னால் நின்று அவருடைய கையை என் கையோடு சேர்த்து உயர்த்திக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார்.

"எனக்குத் தெரியல்ல புள்ள."

உம்மா ஏதோ சொல்ல வந்தார். மூத்தம்மா அவரை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீதான் கண்ட. எங்க இரிக்கெண்டு நீ சொல்லு."

"வெள்ளி இரிக்குதானே மூத்தம்மா, அந்தத் தென்னைக்கு மேல. அதுல இரிந்து மேல மூணு முட்டிக்குக் கிட்ட. அங்கயிரிந்து கொஞ்சம் வலப்பக்கம். வால் மேல பாத்து நிக்கி."

"எவ்வளவு நீளம்?"

"உங்கடதுபோல இல்ல. என்ட விரல் அளவு."

"ம்" என்றார். பிறகு கதிரை ஒன்று கொண்டுவரச் சொல்லி, மேற்கைப் பார்த்தபடி இஷா வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.